வாட்டர் ஹீட்டருக்கு டைமர் பொருத்துவோர் கவனத்துக்கு

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். வீட்டு மின்செலவைக் குறைக்கும் வழிகள் பற்றித் தங்கள் நாளிதழில் வெளியான கட்டுரையைப் படித்தேன். அதில் சொல்லப்பட்ட யோசனைகளில் பெரும்பாலானவை எனக்கு உடன்பாடானவையே. ஆனால், "வாட்டர் ஹீட்டருக்கு ஒரு டைமர் மாட்டிவிட்டால் போதும்" என்று ஒரே வரியில் சொல்லிவிட்டு, கட்டுரை அடுத்த யோசனைக்குப் போய்விட்டது. அந்த ஒரு வரியை மட்டும் நம்பிக் கடைக்குப் போகிற வாசகர், பிளக்குக்கும் சாக்கெட்டுக்கும் நடுவில் செருகும் சிறிய டைமர் ஒன்றை வாங்கி வந்து, அன்று மாலையே மாட்டிவிடுவார். நானும் அதைத்தான் செய்தேன். அதனால் என் வீட்டுச் சுவரில் ஒரு சாக்கெட் கருகியது. எனவே, டைமர் வேண்டாம் என்று சொல்வதற்காக அல்லாமல், அதை எப்படிப் பொருத்தினால் பயனும் பாதுகாப்பும் சேர்ந்து கிடைக்கும் என்பதைச் சற்று விரிவாகச் சொல்வதற்காகவே இக்கடிதத்தை எழுதுகிறேன்.

என் வீட்டில் இருப்பது 50 லிட்டர் கொள்ளளவும் 3 கிலோவாட் திறனும் கொண்ட, நீரைச் சேமித்துச் சூடாக்கும் வகை ஹீட்டர். ஓரிரவு உறக்கம் வராமல் விழித்திருந்தபோது, குளியலறைப் பக்கமிருந்து 'டிக்' என்று ஓர் ஓசை கேட்டது. போய்ப் பார்த்தால் ஹீட்டரின் சிவப்பு விளக்கு எரிந்துகொண்டிருந்தது. யாரும் குழாயைத் திறக்கவில்லை; மாலையில் அணைக்க மறந்துபோன ஹீட்டர், தொட்டியில் இருந்த நீர் கொஞ்சம் ஆறியதும் தானாகவே மீண்டும் சூடாக்கத் தொடங்கியிருந்தது. ஆறு நிமிடம் கழித்து அதே ஓசையுடன் விளக்கு அணைந்தது. மறுநாள் வேண்டுமென்றே அணைக்காமல் விட்டு, இரவு பத்து மணி முதல் காலை ஆறு மணி வரை கவனித்தேன். இரண்டு முறை விளக்கு எரிந்தது. 3 கிலோவாட் கருவி ஆறு நிமிடம் ஓடினால் 0.3 யூனிட், இரண்டு முறைக்கு 0.6 யூனிட். ஒரு சொம்பு வெந்நீர்கூட எடுக்காத ஓர் இரவில், தொட்டியின் சுவர் வழியாக வெளியேறிய வெப்பத்தை ஈடுகட்ட மட்டுமே இவ்வளவு மின்சாரம் போயிருக்கிறது. ஹீட்டர் பழையது என்பதால் இந்த இழப்பு கூடுதல் என்பதையும் சொல்ல வேண்டும். நல்ல காப்புறை உள்ள புதிய ஹீட்டர்களில் இது கணிசமாகக் குறையும்.

இங்கே ஒரு தவறான எண்ணத்தைத் திருத்தியாக வேண்டும். "அணைத்துவிட்டுப் பிறகு பச்சைத் தண்ணீரிலிருந்து சூடாக்கினால் கூடுதலாக மின்சாரம் செலவாகும், எப்போதும் போட்டே வைத்திருப்பதுதான் சிக்கனம்" என்று படித்தவர்கள்கூட உறுதியாகச் சொல்வதைக் கேட்டிருக்கிறேன். கேட்பதற்கு நியாயம்போலத் தோன்றினாலும் இது சரியல்ல. தொட்டியிலிருந்து வெளியேறும் வெப்பம், உள்ளிருக்கும் நீருக்கும் வெளிக்காற்றுக்கும் இடையே உள்ள வெப்பநிலை வேறுபாட்டைப் பொறுத்தது. வேறுபாடு கூடினால் இழப்பு கூடும். நீர் ஆற ஆற இழப்பும் குறைந்துகொண்டே வரும். எப்போதும் 60 டிகிரியில் வைத்திருக்கும் தொட்டி எப்போதும் உச்ச அளவிலேயே வெப்பத்தை இழந்துகொண்டிருக்கும். அணைத்து வைத்த தொட்டியோ இழக்க இழக்கக் குறைவாகவே இழக்கும். ஆகவே அணைத்து வைப்பதால் மின்செலவு ஒருநாளும் அதிகரிக்காது. எவ்வளவு மிச்சமாகும் என்பது மட்டுமே ஹீட்டருக்கு ஹீட்டர் மாறும்.

மிச்சம் எங்கிருந்து வருகிறது என்பதையும் தெளிவாகப் புரிந்துகொள்வது நல்லது. ஒரு லிட்டர் நீரின் வெப்பநிலையை ஒரு டிகிரி உயர்த்த ஏறத்தாழ 4.2 கிலோஜூல் ஆற்றல் வேண்டும். ஒரு யூனிட் மின்சாரம் என்பது 3,600 கிலோஜூல். 50 லிட்டர் நீரை 25 டிகிரியிலிருந்து 60 டிகிரிக்குக் கொண்டுபோகக் கணக்கிட்டால் ஏறத்தாழ 2 யூனிட் வரும். இதைக் குளிர்ந்த நீருடன் கலந்து 40 டிகிரியில் பயன்படுத்தினால், கணக்குப்படி 116 லிட்டர் வெதுவெதுப்பான நீர் கிடைக்கும். குளிப்பவர்களின் எண்ணிக்கைக்கு ஏற்ப ஆகும் இந்தச் செலவை டைமர் குறைக்காது. டைமர் தடுப்பது வேறொன்றை. கடைசியாகக் குளித்தவர் வெளியே வரும்போது தொட்டியில் புதிதாகக் குளிர்ந்த நீர் புகுந்திருக்கும். ஹீட்டர் அணைக்கப்படாமல் இருந்தால், அடுத்த முக்கால் மணி நேரத்தில் அந்தத் தொட்டி முழுவதையும் அது மீண்டும் சூடாக்கி வைக்கும். வீட்டில் எல்லோரும் வெளியே கிளம்பிய பிறகு, யாருக்கும் வேண்டாத 50 லிட்டர் வெந்நீர் மாலை வரை ஆறிக்கொண்டிருக்கும். ஆற ஆற மறுபடியும் சூடாகும். எனவே டைமரில் காலையில் தொடங்கும் நேரத்தைவிட நிற்கும் நேரத்தைக் குறிப்பதில்தான் அதிகக் கவனம் வேண்டும். கடைசி ஆள் குளிக்கத் தொடங்கும்போது ஹீட்டர் நின்றுவிட வேண்டும். தொட்டியில் மீதமிருக்கும் சூடே அவருக்குப் போதும்.

மறதியின் பங்கையும் குறைத்து மதிப்பிடக்கூடாது. ஊருக்குக் கிளம்பும் அவசரத்தில் சுவிட்சை அணைத்தோமா இல்லையா என்ற சந்தேகம் பாதி வழியில் எழாத வீடு எது? அந்தக் கவலையைப் போக்குவதுதான் டைமர் தரும் பெரிய ஆறுதல் என்பது என் எண்ணம். மின்கட்டணத்தில் குறையும் தொகை அதற்கு அடுத்ததுதான்.

இனி, எனக்கு நேர்ந்ததைச் சொல்கிறேன். நான் வாங்கிய டைமரின் பெட்டியில் '16 ஆம்பியர்' என்று பெரிய எழுத்தில் அச்சிட்டிருந்தார்கள். என் ஹீட்டர் 230 வோல்ட்டில் இழுப்பது 13 ஆம்பியர்தான். எனவே தாராளமாகத் தாங்கும் என்று நம்பிச் செருகினேன். முதல் மாதம் ஒரு குறையும் இல்லை. இரண்டாம் மாதத்தில் ஒரு நாள் காலை, குளியலறைக்கு வெளியே எரிந்த பிளாஸ்டிக் வாடை அடித்தது. சுவிட்சை அணைத்துவிட்டு டைமரைப் பிடுங்க முயன்றேன், வரவில்லை. மெயினை அணைத்துவிட்டு எலக்ட்ரீசியனை வரவழைத்தேன். அவர் நெம்பி எடுத்தபோது, டைமரின் மூன்று பின்களில் ஒன்று மட்டும் கருநீலமாக மாறியிருந்தது. சாக்கெட்டில் அந்தப் பின் நுழையும் துளையைச் சுற்றி பிளாஸ்டிக் பழுப்பேறிக் குமிழ்விட்டிருந்தது. பின்னைக் கவ்விப் பிடிக்க வேண்டிய உள்தகடு சூட்டில் விறைப்பை இழந்து விரிந்திருந்தது. டைமரைத் திறந்து, மின்சாரத்தை இணைத்தும் துண்டித்தும் விடும் சிறு சுவிட்சான ரிலேயைக் காட்டினார். தீப்பெட்டியைவிடச் சிறிய அந்தக் கறுப்புப் பெட்டியின் முதுகில் '10 ஆம்பியர்' என்றுதான் பொறித்திருந்தது. வெளிப்பெட்டியில் 16, உள்ளே 10.

அவர் சொன்ன ஒரு சொல் இன்னும் மறக்கவில்லை: "சார், ஃபேனுக்கும் லைட்டுக்கும் இது ஓடும். ஹீட்டர் ஒரு மணி நேரம் விடாம இழுக்கும். நிறுத்தாம இழுக்கிற லோடுதான் பிளக்கைத் தின்னும்." இதில் உள்ள கணக்கு எளிமையானது. மின்னோட்டம் கடக்கும் ஓர் இணைப்பில் உண்டாகும் வெப்பம், மின்னோட்டத்தின் வர்க்கத்தை அந்த இணைப்பின் மின்தடையால் பெருக்கினால் கிடைப்பது. பின்னும் தகடும் இறுகப் பற்றியிருக்கும்வரை மின்தடை மிகமிகச் சிறியது. சற்றே தளர்ந்து 0.1 ஓம் ஆனாலே, 13 ஆம்பியர் மின்னோட்டத்தில் 17 வாட் வெப்பம் அந்த ஒரு புள்ளியில் பிறக்கும். ஒரு சிறிய சால்டரிங் அயர்னின் சூட்டுக்கு அது ஒப்பானது. காற்று புகாத பிளாஸ்டிக் பெட்டிக்குள் அதை ஒரு மணி நேரம் வைத்திருப்பதாக எண்ணிப் பாருங்கள். வீட்டு ஒயர்களின் சாதாரண பி.வி.சி. உறை 70 டிகிரிக்கு மேல் தொடர்ந்து தாங்கும்படி செய்யப்படுவதில்லை. சூட்டால் தகடு தளரும். தளர்ந்தால் மின்தடை கூடும். மின்தடை கூடினால் சூடு மேலும் கூடும். தொடங்கிவிட்ட பிறகு இது தானாக நிற்பதில்லை. அதோடு, இடையில் செருகும் டைமர் ஓர் இணைப்பை இரண்டாக்குகிறது: சுவர் சாக்கெட்டில் டைமர், டைமரில் ஹீட்டரின் பிளக். சுவரிலிருந்து நீட்டிக்கொண்டிருக்கும் டைமரின் மேல் கனமான பிளக்கும் ஒயரும் தொங்குவதால், மேல்பக்கப் பிடி நாளடைவில் தளர்வதும் இயல்பு.

ரிலேயில் வேறொரு கோளாறும் உண்டு. அதன் தொடுமுனைகள் சேரும் கணத்தில் சிறு தீப்பொறி எழும். தாங்கும் அளவை மீறிய மின்னோட்டத்தில் அந்தப் பொறி முனைகளை உருக்கி ஒட்டிவிடக்கூடும். ஒட்டிவிட்டால் டைமரின் திரை 'ஆஃப்' என்று காட்டும். ஹீட்டரோ ஓடிக்கொண்டே இருக்கும். திரையை நம்பித் தொட்டியின் மூடியைக் கழற்றுகிறவர் நிலையை நினைத்துப் பாருங்கள். டைமர் என்பது நேரத்தைக் கட்டுப்படுத்தும் கருவி மட்டுமே. மின்சாரத்தை முழுமையாகத் துண்டிக்கும் கருவி அல்ல. பல டைமர்கள் மின்சாரம் வரும் பேஸ் கம்பியை மட்டுமே துண்டிக்கின்றன. வீட்டில் பேஸும் நியூட்ரலும் இடம் மாறி இணைக்கப்பட்டிருந்தால் பேஸும் துண்டிக்கப்படாது. ஹீட்டரில் எந்தப் பழுது பார்க்கும் முன்பும் மின்பலகையில் அதற்கான எம்.சி.பி. என்னும் தானியங்கித் துண்டிப்புச் சுவிட்சை இறக்கிவிட்டு, டெஸ்டர் கொண்டு சரிபார்த்த பிறகே கை வைக்க வேண்டும்.

அப்படியானால் சரியான முறைதான் என்ன? என் வீட்டில் பிறகு செய்ததைச் சொல்கிறேன். இதுவே நெடுங்காலமாக நடைமுறையில் உள்ள முறை. மின்பலகையில், எம்.சி.பி.க்களுக்குப் பக்கத்தில் அவை மாட்டப்பட்டிருக்கும் அதே உலோகப் பட்டையில் பொருந்தும் டைமர் ஒன்றும், காண்டாக்டர் ஒன்றும் வைக்கப்பட்டன. காண்டாக்டர் என்பது பெரிய மின்னோட்டத்தைத் திறந்து மூடுவதற்கென்றே செய்யப்பட்ட சுவிட்ச். அதை ஒரு மின்காந்தச் சுருள் இயக்குகிறது. டைமரின் வேலை அந்தச் சுருளுக்கு மின்சாரம் கொடுப்பதும் நிறுத்துவதும் மட்டுமே. சுருள் இழுப்பது ஓர் ஆம்பியரில் மிகச் சிறிய பகுதி என்பதால் டைமரின் ரிலே ஆண்டுக்கணக்கில் தேயாமல் உழைக்கும். ஹீட்டரின் 13 ஆம்பியரும் காண்டாக்டர் வழியாகவே போகிறது. மின்தடை வகை லோடுக்கான ஏ.சி.-1 பிரிவில் 25 ஆம்பியர் என்று குறிப்பிட்டிருக்கும் இருமுனைக் காண்டாக்டரை வாங்கினேன். அது பேஸ், நியூட்ரல் இரண்டையும் ஒருசேரத் துண்டிக்கிறது. நடுவில் பிளக்கே இல்லை, ஹீட்டருக்கான 2.5 சதுர மில்லிமீட்டர் செம்பு ஒயர் பலகையிலிருந்து நேராகக் குளியலறைக்கு வெளியே உள்ள இருமுனைச் சுவிட்சுக்கும், அங்கிருந்து ஹீட்டருக்கும் போகிறது.

இந்த வேலை நடக்கும்போதே மற்ற இரண்டையும் பார்த்துவிட வேண்டும் என்று அந்த எலக்ட்ரீசியன் வற்புறுத்தினார். அவருக்கு நன்றி சொல்லக் கடமைப்பட்டிருக்கிறேன். ஒன்று, எர்த். பலகையில் எர்த் கம்பி இருந்தது. ஹீட்டரின் உடலில் அது இணைந்திருக்கவில்லை. முன்பு யாரோ ஒயரை மாற்றியபோது பச்சைக் கம்பியை வெட்டி மடக்கி விட்டிருந்தார்கள். இத்தனை ஆண்டுகள் அந்த ஹீட்டரின் கீழ் நின்று குளித்தோம் என்பதை நினைக்கும்போது இன்றும் உடல் சிலிர்க்கிறது. மற்றொன்று, 30 மில்லி ஆம்பியர் கசிவிலேயே மின்சாரத்தைத் துண்டிக்கும் ஆர்.சி.சி.பி. சூடேற்றும் கம்பியின் மேலுறை வெடித்து மின்சாரம் நீரில் கசிந்தால் உயிரைக் காப்பது இந்த இரண்டும்தான். டைமருக்கு அதில் எந்தப் பங்கும் இல்லை. டைமரை ஈரமும் நீர்த்துளியும் படும் குளியலறைக்குள் எக்காரணம் கொண்டும் வைக்கக்கூடாது என்பதையும் இங்கேயே சேர்த்துச் சொல்லிவிடுகிறேன்.

நேரம் குறிப்பதில் நான் கற்றுக்கொண்டவை சில. என் ஹீட்டர் 230 வோல்ட்டில் 50 லிட்டரை 35 டிகிரி உயர்த்த 41 நிமிடம் எடுக்க வேண்டும். அதை நம்பி 45 நிமிடம் குறித்தேன். சில நாள்களில் என் தாயார், "தண்ணி வெதுவெதுன்னுதான்பா வருது" என்று குறைப்பட்டுக்கொண்டார். மல்டிமீட்டரை வைத்துப் பார்த்தபோது அந்த நேரத்தில் வீட்டுக்கு வந்த மின்னழுத்தம் 200 வோல்ட்டாக இருந்தது. மின்னழுத்தம் குறைந்தால் ஹீட்டரின் திறன் அதன் வர்க்கத்துக்கு ஏற்பக் குறையும். 200 வோல்ட்டில் 3 கிலோவாட் ஹீட்டர் ஏறத்தாழ 2.3 கிலோவாட் ஹீட்டராகிவிடும். 41 நிமிடம் 54 நிமிடமாகும். குளிர்மாதங்களில் குழாய் நீர் 20 டிகிரியில் வந்தால் இன்னும் ஏழெட்டு நிமிடம் கூடும். எனவே நிற்கும் நேரத்தை மாற்றாமல், கணக்கில் வருவதைவிட அரை மணி நேரம் முன்னதாகவே தொடங்கும்படி குறிக்கலாம். அதனால் மின்சாரம் வீணாகாது. நீர் சூடானதும் தெர்மோஸ்டாட் தானாக நிறுத்திவிடும். டைமர் அனுமதி தரும் நேரத்துக்குள் தேவையான அளவை முடிவுசெய்வது தெர்மோஸ்டாட்தான்.

மின்வெட்டால் வரும் சிக்கல் வேறு. முட்களும் சிறு ஊசிகளும் கொண்டு, வட்டத் தட்டு சுழலும் எந்திர வகை டைமர்களில், தட்டைச் சுழற்றுவது மின்சாரமே. இரவில் இரண்டு மணி நேரம் மின்சாரம் போனால் தட்டு அங்கேயே நிற்கும். மீண்டும் மின்சாரம் வந்ததும் விட்ட இடத்திலிருந்து தொடரும். விடியற்காலை ஐந்துக்குத் தொடங்க வேண்டிய ஹீட்டர் ஏழுக்குத்தான் தொடங்கும். யாராவது திருத்தும்வரை நாள்தோறும் அப்படியே. மின்வெட்டு அடிக்கடி ஏற்படும் இடங்களில், உள்ளே மின்கலம் வைத்து நேரத்தைக் காக்கும் மின்னணு டைமரே உகந்தது. அந்த மின்கலமும் சில ஆண்டுகளில் தீர்ந்துபோகும் என்பதால், நீண்ட மின்வெட்டுக்குப் பிறகு ஒரு முறை திரையைப் பார்த்துக்கொள்வது நல்லது. வேளை தவறிக் குளிப்பவர்கள் உள்ள வீட்டுக்கு இன்னொரு வகையும் பொருந்தும்: பொத்தானை அழுத்தினால் ஒரு மணி நேரம் ஓடி, தானே நிற்கும் டைமர். குறித்த நேரத்தில் தொடங்குவது என்ற வசதி அதில் இல்லை. ஆனால் அணைக்க மறப்பதால் வரும் செலவு முழுவதையும் அது தடுத்துவிடும். விலையும் அமைப்பும் எளியவை என்பதால், பல குடும்பங்களுக்கு இதுவே போதுமானது என்று கருதுகிறேன்.

மின்செலவைக் குறைக்கும் ஆர்வத்தில் சிலர் டைமரோடு நிற்காமல் தெர்மோஸ்டாட்டையும் 40, 45 டிகிரிக்குத் திருப்பி வைக்கிறார்கள். இதை அவர்கள் கைவிட வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். லெஜியோனெல்லா என்னும் பாக்டீரியா 20 முதல் 45 டிகிரி வரையிலான தேங்கிய நீரில் பெருகக்கூடியது. ஷவரிலிருந்து தெறிக்கும் நுண்துளிகளோடு மூச்சில் புகுந்தால் கடுமையான நிமோனியாவை உண்டாக்கும். 1976ஆம் ஆண்டு ஃபிலடெல்ஃபியாவில் ஒரு மாநாட்டுக்கு வந்தவர்களிடையே பரவிய நோயை ஆராய்ந்தபோதுதான் இக்கிருமி அடையாளம் காணப்பட்டது. வெந்நீரை 60 டிகிரியில் சேமிக்க வேண்டும் என்று உலக சுகாதார அமைப்பு அறிவுறுத்துவது இதனால்தான். டைமர் வைத்த ஹீட்டரில் நீர் நாளின் பெரும்பகுதி வெதுவெதுப்பாகவே கிடக்கும் என்பதால், ஒவ்வொரு நாளும் ஒரு முறையாவது 60 டிகிரியை எட்டிய பின்பே நிற்கும்படி நேரம் குறிப்பது அவசியம். பல நாள் வெளியூரில் இருந்து திரும்பியவர்கள், தேங்கிய பழைய நீரை முழுச்சூட்டுக்குக் கொண்டுவந்த பிறகே பயன்படுத்த வேண்டும். அதே வேளையில், 60 டிகிரி நீர் சில விநாடிகளிலேயே தோலைப் புண்ணாக்கிவிடும். குழந்தைகளும் முதியோரும் உள்ள வீடுகளில், முதலில் குளிர்ந்த நீரைத் திறந்து அதில் வெந்நீரைக் கலக்கும் பழக்கமும், முடிந்தால் கலவை வெப்பத்தை வரம்புக்குள் வைக்கும் வால்வும் தேவை.

டைமர் வைத்த பின் சிலரைத் திடுக்கிடச் செய்யும் ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். 50 லிட்டர் நீர் 25 டிகிரியிலிருந்து 60 டிகிரிக்குச் சூடாகும்போது ஏறத்தாழ 0.7 லிட்டர் அளவுக்கு விரிவடையும். உள்ளே வரும் குழாயில் ஒருவழி வால்வு இருந்தால் விரிந்த நீர் திரும்பிப் போக வழியில்லை. எனவே அழுத்த விடுவிப்பு வால்வின் வழியாகச் சொட்டுச் சொட்டாக வெளியேறும். முன்பு எந்நேரமும் சிறிது சிறிதாகச் சொட்டியது, டைமர் வந்த பின் நாள்தோறும் ஒரே வேளையில் சொட்டுவதால் கண்ணில் படுகிறது. கோளாறு என்று எண்ணி, வால்வின் வாயை மூடியோ துணி சுற்றியோ அடைத்துவிடுகிறார்கள். தெர்மோஸ்டாட்டும் பழுதாகி, அதன் பின்காவலாக இருக்கும் வெப்பத் துண்டிப்பானும் செயலிழந்துவிட்டால், தொட்டி வெடிக்காமல் காக்கும் கடைசிக் காவல் அந்த வால்வு. அதை அடைப்பது பேராபத்து.

எல்லா ஹீட்டருக்கும் டைமர் பொருந்தாது. குழாயைத் திறந்தவுடன் சூடாக்கித் தரும் உடனடி வகைக்கு அது தேவையே இல்லை. அதில் தேக்கி வைத்த நீர் மிகக் குறைவு. தொடுதிரையும் மின்னணுப் பலகையும் உள்ள சில ஹீட்டர்கள், மின்சாரம் போய்த் திரும்பி வந்தால் தாமாக ஓடத் தொடங்குவதில்லை. யாராவது பொத்தானை அழுத்தும்வரை காத்திருக்கும். அவற்றுக்கு வெளியே டைமர் வைத்தால் காலையில் குளிர்ந்த நீர்தான் கிடைக்கும். வாங்கும் முன் எளிய சோதனை ஒன்று செய்யலாம்: ஹீட்டர் ஓடும்போது சுவரிலுள்ள சுவிட்சை அணைத்து, ஒரு நிமிடம் கழித்துப் போட்டுப் பார்க்க வேண்டும். விளக்கு தானாக எரிந்தால் டைமர் வேலை செய்யும்.

வீட்டுக்கு வெளியேயும் இதன் விளைவு உண்டு. நீரைச் சூடாக்கிச் சேமிக்கும் தொட்டி ஒரு வகையில் வெப்பத்தைச் சேர்த்து வைக்கும் மின்கலம். தேவை குறைந்த நேரத்தில் சூடாக்கி, பிறகு பயன்படுத்தலாம். ஃபிரான்சில் மின்கம்பி வழியாகவே 175 ஹெர்ட்ஸ் அதிர்வெண்ணில் சமிக்ஞை அனுப்பி, வீடுகளின் வெந்நீர்த் தொட்டிகளை இரவில் இயக்கும் முறை பல பத்தாண்டுகள் நடைமுறையில் இருந்தது. நியூசிலாந்திலும் இதையொத்த ஏற்பாடு உண்டு. நேரத்துக்கேற்ற மின்கட்டணம் உள்ள இடங்களில் கட்டணம் குறைந்த வேளையிலும், கூரையில் சூரிய மின்தகடு வைத்திருப்போர் நண்பகலிலும் சூடாக்கிக்கொண்டால் சாதாரண டைமரே அந்தப் பயனைத் தந்துவிடும். ஆனால் எல்லோரும் சரியாக ஐந்து மணி, ஆறு மணி என்று முழு மணியில் குறித்தால், ஒரே தெருவின் ஹீட்டர்கள் ஒரே நொடியில் இழுக்கத் தொடங்கி, டிரான்ஸ்ஃபார்மருக்குப் பாரம் ஏற்றும், மின்னழுத்தம் சரியும், எல்லோருடைய நீரும் தாமதமாகச் சூடாகும். 4.47, 5.13 என்று ஒழுங்கற்ற நிமிடங்களைக் குறிக்கும்படி என் அண்டை வீட்டாரிடம் சொல்லிவருகிறேன். இதற்கு யாருக்கும் ஒரு செலவும் இல்லை.

டைமர் தயாரிப்போரிடம் என் கோரிக்கை ஒன்றுதான். பெட்டியின் மேல் அச்சிடும் ஆம்பியர் அளவு, உள்ளிருக்கும் ரிலே ஒரு மணி நேரம் தொடர்ந்து தாங்கும் அளவாக இருக்க வேண்டும். சூடேற்றும் கருவிகளுக்குப் பொருந்துமா பொருந்தாதா என்பதை வாங்குவோர் மொழியில் முன்பக்கத்திலேயே எழுத வேண்டும். ஹீட்டர் தயாரிப்போர், சூடேற்றும் கம்பியின் திறனுக்கு ஏற்ற டைமரைத் தொழிற்சாலையிலேயே உள்ளே பொருத்தித் தந்தால் இந்தச் சிக்கல்களில் பாதி எழாது. மின்கலக் கடிகாரமும் ரிலேயும் இன்று அப்படியொன்றும் அரிய பொருள்கள் அல்ல.

தங்களிடமும் ஒரு வேண்டுகோள். அந்தக் கட்டுரையின் தொடர்ச்சியாக, அனுபவமுள்ள மின்பொறியாளர் ஒருவரைக் கொண்டு டைமரையும் காண்டாக்டரையும் இணைக்கும் முறையைப் படத்துடன் விளக்கி வெளியிட வேண்டுகிறேன். வாசகர்கள் அதைப் பார்த்துத் தாமே இணைக்க வேண்டும் என்பதற்காக இதைக் கேட்கவில்லை. வீட்டுக்கு வரும் பணியாளர் சரியாகச் செய்கிறாரா என்று பக்கத்தில் நின்று பார்க்கவும், எர்த் கம்பி எங்கே போகிறது என்று கேட்கவும் அது அவர்களுக்கு உதவும். ஏற்கெனவே பிளக்கில் செருகும் டைமரைப் பயன்படுத்திக்கொண்டிருப்போர், இக்கடிதத்தைப் படித்த பின், ஹீட்டர் அரை மணி நேரம் ஓடியதும் சுவிட்சை அணைத்துவிட்டு, ஈரமில்லாத கையின் புறங்கையால் டைமரின் மேலுறையையும் பிளக்கின் வெளிப்புறத்தையும் தொட்டுப் பார்க்கட்டும். இளஞ்சூட்டுக்கு மேல் இருந்தாலோ, துளைகளைச் சுற்றிப் பழுப்பு நிறம் தெரிந்தாலோ, மீண்டும் சுவிட்சைப் போடாமல் எலக்ட்ரீசியனை அழைத்துவிட வேண்டும்.

இப்படிக்கு,
தங்கள் நீண்டநாள் வாசகர்